வடக்கு வாசலுக்குப் பித்தளைக் கீல்

மனுஷன் ஊர் முகத்தில் விழிக்கக் கூசித் திரிய வேண்டுமென்றால் களவோ கொலையோ செய்திருக்க வேண்டும் என்பதில்லை. ஏலிம்புரம் பாக்கியசீலனுக்கு ஒரு கதவுக் கீல் போதுமானதாக இருந்தது. அதுவும் திருட்டுக் கீல் அல்ல. கையில் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, காதருகே வைத்துத் திறந்து மூடிப் பார்த்து அவரே தெரிந்தெடுத்த அசல் பித்தளைக் கீல். அப்படித் தெரிந்தெடுத்ததுதான் வினையாகப் போயிற்று.

ஏலிம்புரம் பாளையங்கோட்டைக்குத் தெற்கே, பனைகளுக்கு நடுவில் கிடந்த சின்ன வேதக்கார ஊர், எல்லாரும் கிறிஸ்தவர்கள். பாக்கியசீலனுக்குக் கருப்பட்டி வியாபாரம். அதைவிடப் பெரிய பெயர் அவருடைய கண்ணுக்கு இருந்தது. ஊரில் யார் வீட்டில் கலியாணம் என்றாலும் பாத்திரம் எடுக்க அவரைத்தான் கூட்டிப்போவார்கள். மாடு பிடிக்க, கட்டில் வாங்க, அலமாரிக்குப் பூட்டுப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அவர்தான். "அண்ணாச்சி கண்ணு பட்டா குத்தம் தானா வெளிய வந்துரும்" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு மனுஷனுக்குத் தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. புகழ்ச்சிக்கு வாய் பிளக்கிற ஆள், அவ்வளவுதான்.

ஜார்ஜ் மன்னருக்குப் பட்டம் சூட்டின அந்த வருஷம் ஊரில் புதுக் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. பழைய கோயில் மண் சுவரும் ஓலைக் கூரையுமானது. அதில் இரண்டு வாசல். தெற்கு வாசல் ரோட்டைப் பார்த்தது. ஆண்கள் அதன் வழியாக வந்து தெற்குப் பக்கம் உட்காருவார்கள். வடக்கு வாசல் கிணற்றடியைப் பார்த்தது, அது பெண்களுக்கு. புதுக் கோயிலும் அதே ஒழுங்கில்தான் கல்லால் எழும்பியது.

ஊர் வீடுகளில் கதவெல்லாம் மேலும் கீழும் நீட்டிய மரக் குடுமியில் சுழல்பவை. கீல் வைத்த கதவு என்பது மிஷன் காட்டிக்கொடுத்த பழக்கம், அது கோயிலில் மட்டும்தான். பழைய கோயிலின் வடக்குக் கதவில் ஒரு இரும்புக் கீல் இருந்தது பாருங்கள், அதைப்போலக் காட்டிக்கொடுக்கிற ஜென்மம் இன்னொன்று கிடையாது. கைப்பிள்ளை அழுதால் தாய்க்காரி பைய எழுந்து வெளியே போகப் பார்ப்பாள். கதவைத் தொட்டதும் அது ஊளையிடும். பிரசங்கம் நின்றுவிடும். போதகர் வேதநாயகம் ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதவு திரும்ப மூடுகிறவரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆண்கள் பக்கமும் திரும்பிப் பார்க்கும். எண்ணெய் விட்டால் சில நாள் வாயை மூடிக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் துரு ஏறி மறுபடியும் பழைய ராகம். அந்தப் பார்வைகளுக்குப் பயந்து பால்குடிப் பிள்ளைக்காரிகள் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

புதுக் கோயிலின் இரண்டு வாசலுக்கும் இரும்பே போதும் என்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டியில் பெண்கள் ஏது? செய்தி கிணற்றடிக்கு வந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு நின்ற பாக்கியவதி என்ற இளவயசுக்காரி பாக்கியசீலன் மனைவி ஜெபகனியிடம் கேட்டாள்.

"அக்கா, புதுக் கோயிலுக்கும் அதே இரும்புதானாம். அப்ப பிள்ள பால மறக்குத வரைக்கும் நாங்க வீட்டுல இருந்தே கும்பிட்டுக்கிடணுமா?"

ஜெபகனி பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். அங்கே பங்களா கதவுகளும் அலமாரிகளும் பித்தளைக் கீலில் சத்தமே இல்லாமல் திறந்து மூடுவதைப் பார்த்தவள். "நம்ம வாசலுக்கு நாமளே பித்தள போட்டுக்கிட்டா யாரு வேண்டாம்னு சொல்லப்போறா?" என்றாள்.

உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியைக் கோயிலுக்கென்று எடுத்து வைப்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமைதோறும் ஜெபகனி ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அது ஏலத்துக்குப் போகும். இப்போது அந்தக் கைப்பிடியோடு இன்னொரு கைப்பிடி, கீலுக்கென்று. அந்த வருஷம் மழையும் சரியில்லை. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு சட்டியில் மிஞ்சுகிற சோறு யாருடைய பங்கு என்பது தெரிந்தவர்களுக்கு, அந்த இரண்டாவது கைப்பிடி யார் வயிற்றிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த அரிசியை விற்ற காசில் நல்ல பித்தளை ஒரு வாசலுக்குத் தேறும் என்ற நிலை வந்ததும் யாரை அனுப்புவது என்ற பேச்சு எழுந்தது. "எங்க வீட்டுக்காரக போனா நயம் சாமானாப் பாத்து எடுத்துட்டு வருவாக. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் ஜெபகனி. ஜெபகனி பொறுப்பென்றால் பிறகு கேள்வி கிடையாது. அவள் சொல்லுக்கு அந்த ஊர்ப் பெண்களிடம் அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

பாக்கியசீலன் வண்டி கட்டிக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டி திருநெல்வேலி டவுனுக்குப் போனார். ரத வீதியை ஒட்டிய சந்தில் காயல்பட்டினத்து நெய்னா முகம்மது மரைக்காயரின் கடை. கொழும்பிலிருந்தும் தூத்துக்குடித் துறையிலிருந்தும் வருகிற ஆணி, பூட்டு, கொக்கி, சங்கிலி எல்லாம் அங்கே கிடைக்கும். மரைக்காயர் முதலில் ஒரு பெட்டியைத் திறந்து மஞ்சளாக மின்னுகிற கீல்களைப் பரப்பினார்.

பாக்கியசீலன் ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டினார். சத்தம் செத்துப்போய் வந்தது. "மரைக்காயரே, இது தகட்ட மடக்கி வச்ச சாமான். நகைப்பெட்டிக்கும் அலமாரிக்கும் ஆகும். நான் கேக்குதது தேக்கங்கதவுக்கு. தொங்கிப்போகும்லா."

மரைக்காயர் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தார். அது கனமாகத்தான் இருந்தது. பாக்கியசீலன் அதைத் திருப்பி, இரண்டு தகட்டையும் கோக்கிற நடுமுளையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "மேல பித்தள, உள்ள முளை இரும்பு. ரெண்டு மழைக்கு முளை துருப்பிடிச்சு இறுகிக்கிடும். அப்பறம் பித்தள போட்டு என்ன பிரயோசனம்?"

"அண்ணாச்சிய ஏமாத்த இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்" என்று சொல்லி மரைக்காயர் உள்ளே போய், சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒரு கட்டைக் கொண்டுவந்து அவிழ்த்தார். தூத்துக்குடியில் உடைத்த ஒரு பழைய கப்பலின் அறைக் கதவுகளிலிருந்து கழற்றியவை. மேலே பச்சை படிந்து கிடந்தது. பாக்கியசீலன் வேட்டி முனையால் ஒன்றைத் தேய்த்தார். உள்ளிருந்து கருஞ்சிவப்பு கலந்த மஞ்சள் எட்டிப் பார்த்தது. வார்த்து எடுத்த கெட்டிப் பித்தளை, முளையும் பித்தளை, முளையின் இரண்டு தலையிலும் சின்னத் தாமரை மொட்டுப்போலக் கடைசல். திறந்தார், மூடினார். காதருகே வைத்து மறுபடியும் திறந்தார். ஒரு சத்தம் இல்லை. சுண்டினால் கோயில் மணியின் தம்பிபோல ஒலித்தது.

மனுஷன் அதிலேயே கவிழ்ந்துவிட்டார். இவ்வளவு காலம் எத்தனையோ சாமான் பார்த்துக் கொடுத்திருக்கிறார், இப்படி ஒன்று கைக்கு வந்ததில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தவருக்கு, கிணற்றடியைப் பார்த்த வடக்குக் கதவு நினைவுக்கு வந்தது. அங்கே இதை யார் பார்ப்பார்கள்? தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் பார்ப்பார்கள். பிரதிஷ்டைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வருகிற மிஷன் துரை தெற்கு வாசல் வழியாகத்தான் உள்ளே போவார். ரோட்டில் போகிற வண்டியெல்லாம் தெற்கு வாசலைத்தான் பார்த்துக்கொண்டு போகும். இப்படிப்பட்ட சாமானைப் பின்பக்கம் பூட்டுவது விளக்கைக் கொளுத்திக் கூடையால் மூடுகிற மாதிரி அல்லவா என்று ஒரு எண்ணம் வந்தது. வேத வசனமே துணைக்கு வந்துவிட்டதில் அவருக்கு நெஞ்சும் கொஞ்சம் இளகிப்போயிற்று. தன் ஆசைக்கு வசனம் தேடுகிறவனுக்கு எப்போதும் ஒன்று அகப்பட்டுவிடும்.

"மரைக்காயரே, தங்க நிறத்துல பூசுதாங்களே ஒரு பொடி, அது இருக்கா?"

"படச் சட்டத்துக்குப் பூசுத பொன்வர்ணப் பொடியா? இருக்கு. எதுக்கு அண்ணாச்சி?"

"கோயில் பலகையில வசனம் எழுதணும்" என்றார் பாக்கியசீலன். சொன்ன வேகத்தைக் கண்டு அவருக்கே திகைப்பாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் கருத்தையா ஆசாரியைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். பித்தளை தெற்குக் கதவுக்கு. கமிட்டி வாங்கி வைத்த இரும்பு வடக்குக் கதவுக்கு. இரும்பின் மேல் பொடியைப் பிசினில் குழைத்துப் பூசிவிட வேண்டும். ஆசாரி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கென்ன அண்ணாச்சி, சொன்ன எடத்துல பூட்டுதேன்" என்றார். தெற்கு வாசலுக்கும் பித்தளை எப்படி வந்தது என்று கேட்ட கமிட்டிக்காரர்களிடம் "மரைக்காயர் கோயிலுக்குன்னு சகாயமாக் கொடுத்தாரு" என்று ஒரு பொய். பொய் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

கதவுகள் ஏறின அன்று சாயங்காலமே பெண்கள் வடக்கு வாசலில் கூடிவிட்டார்கள். புது எண்ணெய் விட்டிருந்ததால் கதவு சத்தமில்லாமல் ஆடியது. ஒருத்தி திறந்தாள், ஒருத்தி மூடினாள், சின்னப்பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். பாக்கியவதி தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கீலின்மேல் வைத்து, "இது ஒனக்குத்தாம்லே. இனி நீ எவ்வளவு வேணும்னாலும் அழு" என்று சொன்னாள். பாக்கியசீலன் கொஞ்சம் தள்ளி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

மறுநாள் பெண்கள் ஜெபக் கூட்டம் நடந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது உள்ளிருந்து அவர் பெயர் கேட்டது. எங்களுக்காகப் பிரயாசப்பட்ட பாக்கியசீலன் அண்ணாச்சியை ஆசீர்வதியும் என்று யாரோ ஒரு வயசானவள் மன்றாடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். ஜெபகனியின் குரல் அதில் தனியாகக் கேட்டது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி, சுற்றுப் பாதையாக வீட்டுக்குப் போனார்.

இவ்வளவு கண் உள்ள மனுஷன், பித்தளை என்றால் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. தம் வீட்டில் செம்பும் குடமும் தினமும் யார் கையில் எப்படி மினுங்குகின்றன என்று அவர் எந்த நாளில் திரும்பிப் பார்த்தார்?

பிரதிஷ்டைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. ஆண்கள் தென்னங்குருத்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கோயிலைக் கூட்டிக் கழுவ வந்தார்கள். பாக்கியசீலன் தோரணத்தை அண்ணாந்து பார்த்து வேலை ஏவிக்கொண்டிருந்தவர், தற்செயலாக வடக்குப் பக்கம் திரும்பினார். ஜெபகனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதவடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் கரைத்த புளி, இன்னொன்றில் சலித்த சாம்பல்.

அவர் ஏவின வேலையைப் பாதியில் விட்டார். விறுவிறுவென்று போனார்.

"ஏளா, புதுக் கீல அதுக்குள்ள எதுக்குத் தேய்க்க? விட்டுரு."

"நாளைக்குத் தொர வாராகள்லா. பளபளன்னு இருக்காண்டாமா?"

"அதெல்லாம் வேண்டாம். எழுந்திரி."

"எங்க அரிசி அண்ணாச்சி, நாங்க தேய்ச்சுக்கிடுதோம். நீங்க தோரணத்தப் பாருங்க" என்று பாக்கியவதி சிரித்துக்கொண்டே சொன்னாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அதற்கு மேல் அவர் என்ன சொல்லித் தடுப்பது?

ஜெபகனி புளியை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். மஞ்சள் சேறு அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. இன்னொரு தேய்ப்பு. கீழே கன்னங்கரேலென்று இரும்பு தெரிந்தது. அவள் கை நின்றுவிட்டது. சுற்றி நின்ற சிரிப்பும் நின்றுவிட்டது. அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இது என்னது?" என்று பாக்கியவதி கேட்டாள்.

பாக்கியசீலன் அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்திருக்கலாம். நான் செய்தது, என் புத்தி இப்படிப் போயிற்று, மன்னியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாலு நாள் திட்டுவார்கள், ஐந்தாம் நாள் ஓய்ந்துவிடும்.  துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டதோடு சரி.

ஜெபகனிதான் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது. "எனக்குத் தெரியும். அவுக என்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சாக. தொர வாரது தெக்கு வாசல்லா, ஊரு மானம்னு நினைச்சு நான்தான் சரின்னு சொன்னேன். ஒங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. தப்பு என் மேலதான்."

 பாக்கியவதி பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். மற்றவர்களும் போய் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஜெபகனி பாதியில் விட்ட கீலை மறுபடியும் தேய்த்து, இருந்த மஞ்சள் முழுக்கப் போகிறவரை தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு எழுந்தாள். அந்தத் தேய்ப்பு ஒவ்வொன்றும் பாக்கியசீலன் முகத்தில் விழுந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டார். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்லணும்? எம் புருசன் எங்க அரிசிய ஏமாத்திட்டாருன்னு சொல்லட்டுமா?" அவள் திரும்பாமலேயே சொன்னாள். "நீங்க சொல்லுவியன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்."



மறுநாள் பிரதிஷ்டை ஜாம் ஜாம் என்று நடந்தது. துரை தெற்கு வாசலில் நின்று கீலைத் தொட்டுப் பார்த்தார். கதவை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். ஆராதனையின் முடிவில், புத்தகத் தமிழில், இத்தனை நேர்த்தியான கீல்களைத் தெரிந்தெடுத்தவர் யாரென்று வினவினார். வேதநாயகம் ஐயர் பெயரைச் சொன்னார். எழுந்து நிற்கும்படி சைகை வந்தது. பாக்கியசீலன் எழுந்து நின்றார். இந்த ஊர் ஆண்களின் உதாரகுணத்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன் என்றார் துரை.

எத்தனை நாள் ஆசைப்பட்ட புகழ்ச்சி! நெருப்புத் துண்டை வாயில் போட்ட மாதிரி இருந்தது. சொல்லிவிடலாமா என்று வடக்குப் பக்கம் பார்த்தார். பெண்கள் எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபகனி மட்டும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் நேற்று அவள் சொன்னது பொய் என்று சபை முன்னால் ஆகிவிடுமே என்று நினைத்தார். அது நியாயம்போலத்தான் இருந்தது. சௌகரியமான நியாயம் என்பதும் அவருக்கு உள்ளுக்குள் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கருத்தையா ஆசாரியைக் கூட்டி வந்து, இரண்டு கதவையும் கழற்றி மாற்றிப் பூட்டச் சொன்னார். கமிட்டிக்கார அப்பாத்துரை ஓடிவந்தார்.

"என்னவே இது? தொர மெச்சின கீலக் கழத்துதீரு. புத்தி கெட்டுப்போச்சா ஒமக்கு?"

"இது வடக்கு வாசலுக்கு வாங்கினது. பொம்பளைங்க அரிசியில வாங்கினது" என்றார் பாக்கியசீலன். இதைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அப்பாத்துரை கையை உதறிக்கொண்டு போய்விட்டார். கப்பல் கீல் கிணற்றடிப் பக்கம் ஏறியது. இரும்பு ரோட்டுப் பக்கம் போயிற்று. திறந்து மூடிப் பார்த்துவிட்டு, காரியம் நேராகிவிட்டது என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை ஜெபகனி வழக்கம்போல ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். அதில் ஒரு மணி அரிசி இல்லை.

"என்ன ஆச்சு?"

"எல்லாரும் எடுத்து வைக்க மறந்துட்டாங்களாம்" என்றாள். "எல்லா வீட்டுலயும். சிரிச்ச மொகமாத்தான் சொன்னாங்க. ஒக்காரச் சொல்லித் தண்ணி தந்தாங்க."  அவள் உள்ளே போய்ப் பானையை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவர் நினைத்தார்.

கீல் இடம் மாறிவிட்டதே, இன்னும் என்ன? யோசிக்க யோசிக்க அவருக்குப் புரிந்தது. செய்தவன் தான், தண்டனை அவளுக்கு. அவள் குற்றம் என்றுதானே ஊர்ப் பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? எந்த வீட்டுப் படியிலும் நிமிர்ந்து ஏறியவள் வெறும் பெட்டியோடு இறங்கி வந்திருக்கிறாள். அவர் எழுந்து பெட்டியை எடுத்தார்.

கைப்பிடி அரிசிப் பெட்டியோடு ஒரு ஆண்பிள்ளை தெருவில் போனதை ஏலிம்புரம் அதுவரை பார்த்ததில்லை. கருப்பட்டி யாவாரி பாக்கியசீலன் போகிறார் என்று ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி, புது உத்தியோகமா?" என்று ஒருவன் கேட்டான். அவர் காதில் வாங்கியும் வாங்காமலும் நடந்தார். காது மடல் இரண்டும் எரிந்தது. பாக்கியவதி வீட்டு முற்றத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தார்கள். அவரையும் அவர் கையிலிருந்த பெட்டியையும் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"ஒக்காருங்கம்மா. ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்." பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஜெபகனிக்கு ஒண்ணும் தெரியாது. அவ என்கிட்ட சரின்னு சொல்லவும் இல்ல, நான் அவகிட்ட கேக்கவும் இல்ல. பித்தளையப் பாத்ததும் எனக்குப் புத்தி மாறிப்போச்சு. வர்ணம் பூசச் சொன்னது நான்தான். ஒங்க முன்னால என்னையக் காப்பாத்துததுக்காக அவ பொய் சொன்னா. நான் பேசாம நின்னேன். அவ மேல கோவப்படாதீங்க."

அவர் வாழ்நாளில் பேசிய பேச்சிலெல்லாம் கஷ்டமான பேச்சு அது.  சொல்லி முடித்ததும் நெஞ்சில் கொஞ்சம் பாரம் இறங்கினதுபோல இருந்தது. மனுஷ புத்தியைப் பாருங்கள், தலையைத் தூக்கினபோது ஒரு சொட்டு மெச்சுதலைக்கூட எதிர்பார்த்துத்தான் தூக்கினார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியவதி சொன்னாள், "அது எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். புளிய வச்சுத் தேய்ச்சதும் அக்கா மொகம் போன போக்க நாங்க எல்லாரும் பாத்துட்டுத்தான நின்னோம். தெரிஞ்சவ மொகமா அது?"

"அப்ப ஏன் அரிசி போடல?"

 பாக்கியவதி கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள். "நீங்க எங்களுக்கு இரும்பப் பூட்டினிய. அது எங்களுக்குப் பழகின இரும்புதான் அண்ணாச்சி. ஆம்பளைங்க நல்லத முன்பக்கம் வச்சுக்கிட்டு மிச்சத்தப் பின்பக்கம் தள்ளுதது புதுசா என்ன? ஒங்க மேல வருத்தம்தான், ஆனா அது ஆறிப்போகும். அக்கா அப்படியில்ல. அக்கா எங்க ஆளு. எங்க கைப்பிடிய நம்பி அவுக பெட்டியில போட்டது அவுக ஒரு நாளும் எங்ககிட்ட பொய் சொன்னதில்லன்னுதான். அத்தன பேரு முன்னால, அவுக கையில மஞ்சச் சேறு வழிஞ்சுக்கிட்டு இருக்கும்போது, எங்க கண்ணப் பாத்து ஒங்களுக்காகப் பொய் சொன்னாக. அதுதான் தாங்கல."

 தன் குற்றத்தைத் தான் சுமந்துகொள்ளலாம் என்று வந்த பாக்கியசீலனுக்கு, சுமப்பதற்கு அங்கே ஒன்றும் வைக்கப்பட்டிருக்கவில்லை. அவருடைய குற்றத்தை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து அதைவிடப் பெரிதாக எதையும் அவர்கள் எதிர்பார்த்திருக்கவும் இல்லை.

பாக்கியவதி வந்து அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். "இது இங்கன இருக்கட்டும். நீங்க செஞ்சதுக்கு நீங்க வந்திட்டிய. அக்கா செஞ்சதுக்கு அக்காதான் வரணும். வரச் சொல்லுங்க. நாங்க இங்கனதான் இருப்போம்."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். ஜெபகனி முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நீ பொய் சொன்னதுதான் அவங்களுக்குத் தாங்கல என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.  "அவங்க சொல்லுததுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள். "நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்."

"நானும் வாரேன்."

"வேண்டாம். அது எங்களுக்குள்ள உள்ளது. அங்கன ஒங்களுக்கு என்ன வேல?" கோபமாகச் சொல்லவில்லை, தெரியாத ஒருவருக்கு வழி சொல்வதைப்போலச் சொன்னாள். சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பாக்கியசீலன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணமாகி வந்த நாள் முதல் அவள் நிமிர்ந்து நடந்த தெரு அது. அன்று அவள் குனிந்தபடி போனாள்.